குளிகையில் விழுந்த வாழ்த்து

ஆஸ்டின் டவுன்,
பெங்களூர்.
10-6-2003, செவ்வாய்.

மரியாதைக்குரிய பழனிச்சாமி மாமா அவர்களுக்கு உங்கள் மைத்துனன் சீனு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரி லட்சுமம்மாவும் சுகம். வாணியம்பாடியில் நீங்களும் அக்காவும் உஷாவும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் மாப்பிள்ளை ஹரிஷ்குமாரின் அம்மா ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் செய்து, 'கல்யாணத்தைக் கொஞ்சம் யோசிக்கணும்' என்று சொன்ன பிறகு உங்கள் வீட்டில் யாரும் சுகமாக இருக்க வழியில்லை என்பதால் அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நேற்று உங்களுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் 'மாமா, நான் சீனு' என்றதும் லைன் கட்டாகிவிட்டது. முதல் இரண்டு தடவை டெலிபோனில் கோளாறு என்று நினைத்தேன். மூன்றாவது தடவை வைப்பதற்கு முன் நீங்கள் சொன்ன வார்த்தை தெளிவாகவே கேட்டதால் டெலிபோன் நன்றாக இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் கடைசிவரை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னால்தான் என்மேல் தப்பில்லை என்பது விளங்கும், அல்லது எவ்வளவு தப்பு என்பதாவது விளங்கும். ஃபேக்டரி டைம் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் சங்கு ஊதியவன் நான். ஒரு நாள்கூட அரை நிமிஷம் முன்னே பின்னே ஊதியது கிடையாது. வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்த மறுமாதமே எங்கள் ஏரியா கேபிள் சானல் நடத்தும் வனஜா அம்மாள் வீடு தேடி வந்து, 'சீனு அண்ணா, எங்க சானல்ல எதுவும் நேரத்துக்கு வர்றதில்ல, நீங்க வந்து ஒக்காந்தீங்கன்னா போதும்' என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு வி.சி.ஆர்., ஒரு சுவர்க் கடிகாரம், சுவரில் ஒட்டிய ஒரு காகிதம், இவ்வளவுதான் சானல். காலையில் பக்திப் பாட்டு, பகலில் சினிமா, நடுநடுவே நம் ஜனங்கள் கொடுக்கும் பிறந்தநாள் வாழ்த்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. நான் மணி பார்த்து 'போடு' என்பேன், கேசட் ஓடும். அதில் யாருக்கும் எந்தக் குறையும் இருந்ததில்லை.

போன பொங்கலுக்கு வனஜா அம்மாள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். எதை எப்போது ஒளிபரப்புவது என்பதை இனி அது பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அது எல்லாவற்றையும் 'ஈவென்ட்' என்று சொல்கிறது. மூன்று மணி நேரப் படமும் ஈவென்ட், பத்து விநாடி ஊறுகாய் விளம்பரமும் ஈவென்ட், காலமானவர் போட்டோவும் ஈவென்ட். ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் ஆரம்ப நேரத்தை மணி, நிமிஷம், விநாடி வரை எழுத வேண்டும். நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குக் கீழே இருக்கும் இருநூற்றுச் சொச்சத்தையும் கையால் மாற்ற வேண்டும். நான் இரண்டு விரலால் தட்டுகிறவன். ஒரு நாள் நிகழ்ச்சியைத் திருத்தி முடிப்பதற்குள் அந்த நாளே முடிந்துவிடும். இதைப் பார்த்துப் பாவப்பட்டவள் லாவண்யா. ஈரோட்டுப் பெண், எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய கம்பெனியில் வேலை, வனஜா அம்மாள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை கீழே இறங்கி வந்து, 'அங்கிள், ஏனுங்க இப்படிக் கஷ்டப்படறீங்க? ஆரம்ப நேரத்தை புரோகிராமே போட்டுக்கற மாதிரி எழுதித் தர்றனுங்க. நீங்க ரூல் மட்டும் சொல்லுங்க போதும்' என்றாள். ரூல் மட்டும் சொல்லுங்க என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. 'சிஸ்டம் டைம் கரெக்டா இருக்குங்களா, ஒரு தடவ பாத்துரட்டுமா?' என்றும் கேட்டாள். 'டைமை என்கிட்ட விட்டுடும்மா, அது என் டிபார்ட்மென்ட்' என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் ரூல் வனஜா அம்மாளுடையது. ராகு காலத்தில் எதுவும் ஆரம்பிக்கக் கூடாது, ஓடிக்கொண்டிருப்பது ஓடலாம். நியாயமான ரூல். லாவண்யா ஏழு நாளுக்கும் ராகு காலம் கேட்டாள், சொன்னேன், அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தாள். எந்த ஈவென்ட்டின் ஆரம்ப நேரம் ராகு காலத்தில் விழுந்தாலும் அதை ராகு காலம் முடியும் நேரத்துக்கு புரோகிராம் தள்ளிவிடும். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு டி.வி. கறுப்பானது. ஒன்றரை வரை கறுப்பாகவே இருந்தது. லைன்மேன் சின்னப்பா மூச்சு வாங்க ஓடி வந்து, 'அண்ணா, இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்கீங்கோ, நாலு தெருல என்னை அடிக்க வராங்கோ' என்றான். 'ராகு காலம்ப்பா' என்றேன். 'அது எனக்குத் தெரியுதுண்ணா' என்றான். சரியாக ஒன்றரை மணிக்கு, தள்ளிவைத்த பதினொரு ஈவென்ட்டும் ஒரே விநாடியில் ஆரம்பித்தன. சமையல், நகைக்கடை, முருகன் பாட்டு, ஒரு முதலாமாண்டு நினைவஞ்சலி, எல்லாம் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டு போனதில் கடைசியாக ஊறுகாய் மட்டும் நின்றது. ஊறுகாய்க்காரர் அன்று சாயங்காலம் பழத்தட்டோடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் ராகு காலத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் ஒரு நீளமான படத்தை ஆரம்பித்துவிடுவது என்று திருத்தினோம். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகு காலம் அல்லவா, அதில் டோரதி டீச்சர் நடத்தும் ஐந்து மணி ஜெப நிகழ்ச்சி மாட்டிக்கொண்டது. டீச்சர் நேராக ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். 'ஏன் சீனு, இருவது வருசமா அஞ்சு மணிக்கு நான் ஜெபம் பண்றேன், ராகு என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்ப உன் கம்ப்யூட்டர் கேக்குதா?' என்றார். லாவண்யா ராகு காலம் பார்க்காதவர்களுக்கு என்று தனியாக ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தாள். அதில் டிக் அடித்தால் அந்த ஈவென்ட்டை புரோகிராம் தொடாது. டீச்சரே வந்து தன் கையால் டிக் அடித்தார். அவர் பார்க்காத நேரமாகப் பார்த்து நம்மவர்கள் சிலரும் தங்கள் விளம்பரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். பெயர் வேண்டாம்.

இதெல்லாம் நான் சமாளித்தவை. என்னைச் சமாளித்தது குளிகைதான். ராகு காலம் போலவே தினம் ஒன்றரை மணி நேரம் வருகிற குளிகையில் என்ன செய்தாலும் அது திரும்ப நடக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிலுக்கு நல்லது, நகை வாங்க நல்லது, துக்க காரியத்துக்கு ஆகவே ஆகாது. ஒரு வீட்டுக்காரர் தன் அப்பாவின் கண்ணீர் அஞ்சலி குளிகையில் வந்துவிட்டது, இனி யாருக்கு என்ன ஆனாலும் சானல்தான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வனஜா அம்மாள் பயந்துபோய், நல்லது எல்லாம் குளிகைக்குள் வரட்டும், கெட்டது எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு போட்டார். 'குளிகைன்னா என்னங்க அங்கிள்?' என்று லாவண்யா கேட்டாள். விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்து, 'எத்தனை தடவைங்க திரும்ப நடக்கும்?' என்றாள். அதைச் சாஸ்திரத்தில் சொல்லவில்லை என்றேன். 'சொல்லாம விட்டா மெஷின் நிக்காதுங்களே' என்று வருத்தப்பட்டாள். பிறகு, எவையெல்லாம் நல்லது, எவையெல்லாம் கெட்டது என்று என்னையே ஒரு பட்டியல் எழுதித் தரச் சொன்னாள். நல்லது: பிறந்தநாள், புதுமனை புகுவிழா, கடை திறப்பு, பரீட்சையில் பாஸ், நிச்சயதார்த்தம். கெட்டது: மற்றவை. இந்தப் பட்டியலை எழுதியது நான்தான் மாமா. என் கையெழுத்துத்தான். நிச்சயதார்த்தம் நல்லதில்லாமல் வேறென்ன என்ற எண்ணத்தில் எழுதினேனே தவிர, அது திரும்ப நடக்கக் கூடாத நல்லது என்று அந்த நேரத்தில் என் புத்திக்கு உறைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை இங்கே மண்டபத்தில் நம் உஷாவின் நிச்சயதார்த்தம் எவ்வளவு நன்றாக நடந்தது என்பதை நீங்களே பார்த்தீர்கள். ஒரே ஒரு மனஸ்தாபம். தட்டு மாற்றுகிற நேரத்தில் நீங்கள் வாட்சைப் பார்த்து, 'பத்து முப்பத்திரண்டு ஆயிடுச்சே, ராகு காலம் பொறந்துடுச்சே' என்று பதறினீர்கள். நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, பத்து இருபத்திமூன்றுதான் ஆகிறது, இது நானே காலையில் எங்கள் சானலைப் பார்த்து வைத்த கடிகாரம், சங்கு ஊதியவனிடம் மணி பேசாதீர்கள், அதெல்லாம் ஊர் வாட்ச் என்று சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்லிவிட்டேன். கையைப் பிடித்து உங்கள் வாட்சையும் ஒன்பது நிமிஷம் பின்னால் தள்ளி வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் நீங்கள் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் போனபோது வண்டி கிளம்பிப் போயிருந்ததையும், அக்கா பிளாட்ஃபாரத்தில் மூன்று மணி நேரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்ததையும் கேள்விப்பட்டேன். பெங்களூரில் சில வண்டிகள் சீக்கிரமே கிளம்பிவிடும் என்று அப்போது உங்களுக்குச் சமாதானம் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் செலவில் உஷா, ஹரிஷ்குமார் போட்டோவோடு ஒரு வாழ்த்து ஞாயிறு இரவு ஏழு மணிக்கு வரும்படி கொடுத்திருந்தேன். ஊரே பார்க்கிற நேரம். புரோகிராம் அதைப் படித்தது, நிச்சயதார்த்தம் என்று பார்த்தது, என் பட்டியலைப் பார்த்தது, ஏழு மணியிலிருந்து தூக்கி ஞாயிற்றுக்கிழமைக் குளிகைக்குள் கொண்டுவந்து போட்டது. குளிகை மூன்றிலிருந்து நாலரை. வாழ்த்து வந்தது நாலு இருபத்திநாலுக்கு. சம்பந்தியம்மாள் வித்யாலட்சுமி அந்த நேரத்தில் டி.வி. முன்னால் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்களாம். பிள்ளையின் போட்டோவையும் பார்த்திருக்கிறார்கள், எங்கள் சானல் மூலையில் ஓடும் மணியையும் பார்த்திருக்கிறார்கள். அந்த மணியை வைத்துத்தான் ஆஸ்டின் டவுனில் பாதி வீடுகள் கடிகாரம் வைக்கின்றன என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அன்று அந்தப் பெருமை உதவவில்லை.

உங்களுக்குப் போன் போட்ட கையோடு எனக்கும் போட்டார்கள். திங்கட்கிழமை காலை நானும் லட்சுமம்மாவும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். போவதற்கு முன்னால் உஷா எனக்குப் போன் செய்தாள். நீங்கள் கடைக்குப் போன நேரம் போலிருக்கிறது. அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை, ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். 'மாமா, எனக்கு ஹரிஷைப் பிடிச்சிருக்கு. அவருக்கும் என்னைப் பிடிச்சிருக்கு. இதுல கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?' என்று மட்டும் கேட்டாள். எனக்கு ஆண் பிள்ளையும் இல்லை, பெண் பிள்ளையும் இல்லை, இருப்பது உஷா ஒருத்திதான். ரிசீவரை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எனக்குச் சட்டை பொத்தான் போட வரவில்லை மாமா. லட்சுமம்மாதான் போட்டுவிட்டாள்.

வித்யாலட்சுமி அம்மாள் எங்களுக்குக் காபி கொடுத்தார்கள், சர்க்கரை இல்லாமல். 'நான் ஒண்ணும் வேணும்னு சொல்லலை. உஷா தங்கமான பொண்ணு. ஆனா குளிகையில போட்டா திரும்ப நடக்கும். நிச்சயதார்த்தம் திரும்ப நடக்கும்னா இந்தச் சம்பந்தம் நிக்காதுன்னுதானே அர்த்தம்? என் பிள்ளைக்கு இன்னொரு பொண்ணு, உங்க பொண்ணுக்கு இன்னொரு மாப்பிள்ளை. தெரிஞ்சே எப்படிங்க கல்யாணம் பண்றது?' என்றார்கள். நான் மெஷினைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். ரூல், பட்டியல், லாவண்யா எல்லாம் சொன்னேன். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து நானே நிறுத்திக்கொண்டேன். ஹரிஷின் அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அவர் நல்ல மனிதர், பேச மாட்டார்.

அப்போது லட்சுமம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, 'நிச்சயதார்த்தம் திரும்ப நடக்கும்னுதானே இருக்கு. வேற பொண்ணோட நடக்கும்னு எங்க இருக்கு? இதே பொண்ணுக்கும் இதே பிள்ளைக்கும் நாமளே இன்னொரு தடவை பண்ணிட்டா, அது நடந்து முடிஞ்சுடுச்சு இல்ல?' என்றாள். சம்பந்தியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு எதையோ கணக்குப் போட்டார்கள். பேப்பர் கொஞ்சம் இறங்கியது. 'அன்னிக்கும் சாப்பாடு உண்டா?' என்றார் ஹரிஷின் அப்பா. அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு காபியில் சர்க்கரை வந்தது. இருபத்தெட்டு வருஷமாக என் வீட்டில் இப்படி ஒரு மூளை இருந்திருக்கிறது, நான் அதனிடம் ரேஷன் அட்டை எங்கே என்று மட்டுமே கேட்டிருக்கிறேன்.

ஆகவே மாமா, நான் இவ்வளவு தூரம் எழுதியது இதைக் கேட்கத்தான். வருகிற புதன்கிழமை பதினெட்டாம் தேதி, காலை ஒன்பதேகாலுக்கு, அதே மண்டபத்தில் இரண்டாவது நிச்சயதார்த்தம். ராகு, எமகண்டம், குளிகை மூன்றும் தொடாத நேரம், சம்பந்தியம்மாளே பார்த்துச் சொன்னது. திரும்ப நடப்பது என்றால் அப்படியே நடக்க வேண்டுமாம், அதனால் உஷாவுக்கு அதே அரக்குப் புடவை, அதே பதினொரு தட்டு, அன்றைக்கு வந்த அதே ஆட்கள். உங்கள் தம்பி அன்றைக்கு ஜிலேபியைப் பற்றிக் குறை சொன்னார், அவரையும் அழைத்து வரவும். இரண்டாவது தடவை வேன் வைத்து வருவதென்றால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். கோபத்தோடேயே வாருங்கள், இடம் இருக்கிறது. ஜூலை நாலாம் தேதிக் கல்யாணத்தில் மாற்றமில்லை. வாழ்த்து டி.வி.யில் வராது. அதை வனஜா அம்மாளிடம் எழுதியே வாங்கிவிட்டேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். முழங்கால் வலிக்கு லட்சுமம்மா ஒரு தைலம் அனுப்புகிறாள், பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்ததற்கும் சேர்த்துத் தடவிக்கொள்ளச் சொல்லவும். உஷா நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், ஒரே மாப்பிள்ளையோடு. இந்தக் கடிதத்தை நாளைக் காலை உங்கள் ஊர்ப் பக்கம் போகும் மைக்கேல்ராஜ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்கு ஒரு வாய் காபி கொடுக்கவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட,
சீனு.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் லாவண்யா வந்தாள். பட்டியலிலிருந்து நிச்சயதார்த்தத்தை எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தேன். எடுத்துவிட்டு, நான் தடுப்பதற்குள் மெஷினின் மணியையும் பார்த்துவிட்டாள். உள்ளே சின்னதாக ஒரு பாட்டரி இருக்கிறதாம், அது செத்துப்போய் ரொம்ப நாள் ஆகிறதாம். கரண்ட் போகும்போதெல்லாம் மெஷினின் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கிவிடுகிறது. 'எவ்வளவும்மா?' என்று கேட்டேன். 'ஒன்பது நிமிசமுங்க அங்கிள்' என்றாள்.

போன வெள்ளிக்கிழமையிலிருந்து இங்கே கரண்ட் போகவே இல்லை. அதாவது வாழ்த்து நாலு இருபத்திநாலுக்கு வரவில்லை, நாலு முப்பத்திமூன்றுக்கு வந்திருக்கிறது. குளிகையே இல்லை. நல்ல ராகு காலம். இந்தக் கடிதத்தில் குளிகை என்று எழுதிய இடமெல்லாம் அடித்துவிடவும். அப்படியானால் இரண்டாவது நிச்சயதார்த்தம் எதற்கு, வேனை நிறுத்திவிடலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்த வேண்டாம். மண்டபத்துக் கடிகாரமும் எங்கள் சானலைப் பார்த்து நான் வைத்ததுதான். தட்டு மாற்றியது பத்து இருபத்திமூன்றுக்கு அல்ல, பத்து முப்பத்திரண்டுக்கு. வெள்ளிக்கிழமை ராகு காலத்தில்தான் உஷாவின் நிச்சயதார்த்தத்தை நடத்தியிருக்கிறோம், அதுவும் என் உத்தரவாதத்தில். நீங்கள் ஒருவர்தான் சொன்னீர்கள். வண்டியும் அன்று நேரத்துக்குத்தான் கிளம்பியிருக்கிறது.

சம்பந்தியம்மாளுக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். சானல் மணியை ஒரேயடியாகச் சரி செய்தால் ஊர் கண்டுபிடித்துவிடும் என்பதால் நாளை முதல் ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் வீதம் முன்னால் நகர்த்தும்படி லாவண்யா எழுதிக் கொடுத்திருக்கிறாள். பதினெட்டாம் தேதி இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருக்கும். ஆகவே நீங்கள் உங்கள் வாட்சை இப்போதே ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்து, மறக்காமல் கட்டிக்கொண்டு வாருங்கள். மண்டபத்துக் கடிகாரத்தை நீங்களே வையுங்கள், தட்டு எப்போது மாற்றுவது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். நான் அன்றைக்குப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பேன்.